கட்டியை உள்ளே வச்சிக்கிட்டு எதுக்கு சிஸ்டர் காத்திருக்கணும்?

11 வருடமாக கீமோ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இரைப்பைப் புற்றுநோய் என்று வருகிறவர்களின் வீட்டார் என்னிடம் அதிகம் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். உடனே அறுத்து எடுக்காமல் 2 மாதம் மருந்து ஏற்றுகிறார்களே என்ற பதைப்பு. புதிதில் எனக்கும் அந்தப் பதைப்பு இருந்தது.

ஸ்கேனில் தெரியாத புற்றுச் செல்கள் அதற்குள் வேறு இடங்களுக்குப் போயிருக்கலாம், கத்தி அங்கே எட்டாது, மருந்துதான் எட்டும். 2006-இல் வெளியான மேஜிக் என்ற ஆய்வில் 503 பேர். ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் 5 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 23 பேர், முன்னும் பின்னும் கீமோ சேர்த்தவர்களில் 36 பேர். இப்போது நாங்கள் கொடுப்பது ஜெர்மனியில் சோதித்துப் பார்த்த ஃப்ளாட் என்ற கீமோ மருந்துக் கூட்டு. 2 வாரத்துக்கு ஒரு முறை என்று ஆபரேஷனுக்கு முன்னால் 4 தவணை, பின்னால் 4. அதில் ஒரு மருந்து 24 மணி நேரம் இறங்கும்.

ஆனால் அந்த இரண்டு ஆய்வுகளிலும் பாதிப் பேர்கூட எல்லாத் தவணைகளையும் முடிக்கவில்லை. இரைப்பையை எடுத்த பிறகு கைப்பிடிச் சோறு இறங்குவதே பெரும்பாடு, அந்த உடம்பில் மறுபடி கீமோ ஏற்றுவது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை. அதனால் முன்னால் கிடைக்கும் அந்த 2 மாதம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதை ஒரு விவசாயியிடம்தான் கற்றேன். குளிர்ந்த தண்ணீரைத் தொடாதீங்க, விரலில் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும், காய்ச்சல் வந்தால் ராத்திரியானாலும் கூப்பிடுங்க என்றெல்லாம் முதல் நாளே சொன்னேன். என்ன சாப்பிடுகிறார் என்று மட்டும் கேட்கவில்லை. மூன்றாவது தவணைக்கு வந்தபோது 6 கிலோ குறைந்திருந்தார். "கஞ்சித் தண்ணிதாம்மா ஒரு மாசமா" என்றார் அவர் மனைவி. மருந்தை ஒரு வாரம் தள்ளி, மூக்கு வழியாக டியூப் போட்டு உணவு கொடுத்து, எப்படியோ ஆபரேஷன் வரை கொண்டுவந்தோம், இரைப்பை முழுவதையும் எடுத்தார்கள். அப்புறம் 4 தவணை ஏற்ற வேண்டியவருக்கு ஒன்றோடு நிறுத்த வேண்டியதாகிவிட்டது. முதல் நாளே நான் கேட்டிருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் தெம்போடு ஆபரேஷனுக்குப் போயிருப்பார். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

இப்போது டிரிப் மாட்டும் முன் எடை பார்த்துவிடுகிறேன். சாப்பாட்டைப் பற்றி நோயாளியிடம் கேட்டால் "நல்லாத்தான் சாப்பிடுறேன்" என்பார்கள், அதனால் கூட வந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன உள்ளே போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.