எண்பது மைல் வேகத்தில் ஒரு கார்வெட்: மேற்கு டெக்ஸாஸ் பயணம்

சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோவுக்கு ஐ-10 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 550 மைல். கெர்வில் பக்கம் வந்ததும் வேக வரம்பு மணிக்கு 80 மைலாக உயர்கிறது. அதற்குப் பிறகு ஊர்கள் அரிது, வளைவுகள் குறைவு, பல மைல்களுக்கு ஒரே வேகத்தில் போகலாம். வேகம் மாறினால் மைலேஜ் எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்புபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாலை அமைவது கடினம்.

கார் நண்பருடையது. 2006 கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார், எட்டு சிலிண்டர், 6 லிட்டர் எஞ்சின், 400 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர். "டாங்க் நிரப்பியே ஆண்டியாகிவிடுவீர்களே" என்றேன். "நெடுஞ்சாலைக்கு வரட்டும், உங்கள் வேனைவிடக் குறைவாகத்தான் குடிக்கும்" என்றார். நகரத்துக்குள் அவர் சொன்னதை நம்புவது கடினமாக இருந்தது. மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதித்தால் இந்த கார் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகவிடாமல் நேராக நான்காவதுக்குத் தள்ளிவிடுகிறது. அரசின் எரிபொருள் சோதனையில் நல்ல எண் வாங்குவதற்காக நிறுவனம் செய்த ஏற்பாடு இது. வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக ஒரு சின்ன உதிரிபாகத்தைப் பொருத்தி அதை முடக்கிவிடுவார்கள். நண்பர் ஏனோ அப்படியே விட்டுவைத்திருக்கிறார்.

இந்த காரின் சூட்சுமம் ஆறாவது கியரில் இருக்கிறது. மணிக்கு 70 மைல் ஓடும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்றுதான் சுற்றுகிறது. பல சிறிய கார்கள் அதே வேகத்தில் இரண்டு மடங்கு சுற்றும். உடலும் தாழ்வானது, காற்றை வழுக்கிக்கொண்டு போகும் வடிவம். சமதரையில் 60 மைல் வேகத்தை நிலைநிறுத்த எஞ்சினிடமிருந்து உண்மையில் தேவைப்படுவது பதினைந்து, இருபது குதிரைத்திறன் அளவுதான். மிச்சமெல்லாம் சும்மா நிற்கும் படை. சும்மா நின்றாலும் தீனி தின்னும் என்பது வேறு விஷயம்: பெரிய எஞ்சினின் காற்று வாயிலைப் பெரும்பாலும் மூடியே வைத்து ஓட்டும்போது, காற்றை உறிஞ்சி இழுப்பதற்கே கொஞ்சம் பெட்ரோல் வீணாகிறது. அந்த விரயத்தைக் குறைக்கத்தான் இவ்வளவு மந்தமாகச் சுற்றும் ஆறாவது கியர்.

ஜங்ஷன் ஊரைக் கடந்ததும், வேகத்தைத் தானே நிலைநிறுத்தும் க்ரூஸ் கண்ட்ரோலை 65-இல் வைத்தோம். காலை நேரம், காற்று அசையவில்லை. திரையில் கேலனுக்கு 31 மைல் என்று வந்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர். வேனைப் பற்றிய என் பேச்சு அதோடு முடிந்தது. சொனோராவுக்குப் பிறகு 80. எண் மெல்ல இறங்கி 26-இல் நின்றது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்று பள்ளியில் படித்ததுதான்: 60-இலிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, எதிர்ப்போ 78 சதவீதம் கூடுகிறது. டயர் உருளும் இழப்பு அந்த அளவுக்கு ஏறுவதில்லை என்பதால் மைலேஜ் ஒரேயடியாகச் சரிவதில்லை. நெட்டையான பெரிய வண்டிகளில் சரிவு இதைவிட மோசமாக இருக்கும்.

ஓசோனாவில் வெயில் ஏறியதும் நண்பருக்கு ஆசை வந்தது. கூரைப் பலகையைக் கழற்றிப் பின்னால் பெட்டிகளின் மேல் வைத்தோம். இரைச்சலில் பேச்சு நின்றது, மைலேஜும் குறைந்தது. திறந்த கூரைக்குள் காற்று சுழன்று புகுந்தால் அந்த அழகான வடிவத்துக்கு என்ன மதிப்பு? அரைமணி நேரத்தில் திரும்ப மூடிவிட்டோம்.

ஃபோர்ட் ஸ்டாக்டனைத் தாண்டியதும் கணக்கு குழம்பியது. அங்கே மேற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கினால் லேசில் நிற்காது. நாங்கள் மறுபடி 65-க்கு இறங்கியிருந்தோம். ஆனாலும் திரை 26-ஐத் தாண்டவில்லை. 20 மைல் வேக எதிர்க்காற்றில் 65-இல் போனால், வண்டியின் முகத்தில் காற்று 85-இல் மோதுகிறது. போதாததற்குச் சாலையும் மேடேறிக்கொண்டே போகிறது: சான் அன்டோனியோ கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர், வான் ஹார்ன் 1,200 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவது சின்ன ஆறுதல். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் எதிர்ப்பு குறையும் என்று சிலர் சொல்வார்கள். குறையும்தான், லாரி பிரேக் போட்டால் ஆயுளும் குறையும்.

வழியில் பால்மோரியாவில் இறங்கி ஊற்றுநீர்க் குளத்தில் நீந்தினோம். 1930-களில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு கட்டிய குளம். தண்ணீருக்குள் மீன்கள் காலை உரசிக்கொண்டு போகும். பாலை வெயிலில் அதைவிட்டு எழுந்து வர மனமில்லை. எல் பாசோவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

திரும்பும்போது அதே காற்று முதுகில். சாலையும் மொத்தத்தில் இறக்கம். 75-இல் ஓட்டியே 32 காட்டியது, போகும்போது 65-இல் கிடைத்ததைவிட அதிகம். இதைப் பார்க்காமல் போகும் வழியை மட்டும் வைத்து எழுதியிருந்தால், வேகத்தைப் பற்றித் தவறான பாடம் சொல்லியிருப்பேன். ஒரே சாலையில் இரண்டு திசையிலும் ஓட்டாமல் யாராவது மைலேஜ் எண் சொன்னால் இனி நான் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை. காரின் திரையையும் முழுதாக நம்பக்கூடாது. பெட்ரோல் பங்கில் நிரப்பிய அளவை வைத்துக் கணக்கிட்டபோது கேலனுக்கு ஒரு மைல் குறைவாகவே வந்தது.

எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1974-இல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் நாடு முழுவதும் 55 மைல் வரம்பைக் கொண்டுவந்தது. 1995-இல்தான் அது முழுதாக நீங்கியது. இந்தச் சாலையை 55-இல் கடந்தவர்களின் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. வான் ஹார்னிலிருந்து எல் பாசோ 120 மைல். காற்றில்லாத நாளில் 80-இல் போனால் ஒன்றரை மணி நேரம், 65-இல் போனால் இன்னும் 21 நிமிடம். பெட்ரோலில் வித்தியாசம் முக்கால் கேலன். நண்பர் 80 என்பார். வலது தடத்தில் 72-இல் போய், முந்துகிற லாரிகளுக்கு வழிவிடுவது எனக்குப் போதும்.