ஆமாங்க, நியூட்ரல்தான்

நான் சொன்னது பொய்யில்லை. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். எழுதிக்கொண்டு போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

லாரி ஓனர் கேட்டார்: "நீ சொல்லு கண்ணு, தொப்பூர்ல வண்டி நியூட்ரல்ல வந்துச்சா இல்லியா?"

"ஆமாங்க, நியூட்ரல்தான்" என்றேன்.

பக்கத்தில் முதல் டிரைவர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜை மேல் கிடந்த டிரிப் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குஜராத் மோர்பியில் டைல்ஸ் ஏற்றி வந்த நடை அது. 12 சக்கர வண்டி, சரக்கோடு சேர்த்து 35 டன்னுக்குக் கிட்ட. நான் இரண்டாவது டிரைவர். தொப்பூர் மலை இறக்கத்துக்கு முன்னால் வரும் பாளையம் டோல்கேட் தாண்டும்போது விடியக்காலை. ஸ்டியரிங் அண்ணனிடம். நான் பின்னால் பெர்த்தில் படுத்திருந்தேன், தூங்கவில்லை. கேபினில் படுத்திருக்கிறவனுக்கு ரோடு பார்க்க வேண்டியதே இல்லை, இன்ஜின் சத்தமே எல்லாம் சொல்லிவிடும். இறக்கத்தில் கியரில் வரும் வண்டி முக்கிக்கொண்டு வரும். நியூட்ரலில், அதாவது எந்தக் கியரிலும் இல்லாமல் வரும் வண்டியில் இன்ஜின் சும்மா முனகும், டயர் சத்தமும் காற்றுச் சத்தமும்தான் பெரிதாகக் கேட்கும். அன்றைக்கு அந்த முக்கல் சட்டென்று நின்றது. எழுந்து உட்கார்ந்தேன்.

"அண்ணா, கியர்ல போடுங்க."

"போடறேன், போடறேன்."

கை கியர் ராடின் மேல்தான் இருந்தது. ஒரு தள்ளு தள்ளினார். கரகரவென்று பல் உரசியது, விழவில்லை. ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டு மறுபடி தள்ளினார். அப்போதும் விழவில்லை. முள் 60ஐத் தாண்டியிருந்தது. பிறகு பிரேக்கில் காலை ஊன்றி ஒரே அழுத்தாக வேகத்தைக் குறைத்தார். கியர் விழுந்தது. இரட்டைப் பாலம் வருவதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. பிரேக் லைனர் கருகும் வாடை கேபின் முழுக்க இருந்தது. கீழே சமதளத்துக்கு வந்ததும் ஓரம் கட்டி இறங்கி, ஒவ்வொரு வீலுக்குப் பக்கத்திலும் புறங்கையைக் காட்டி அனல் பார்த்தார். "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜிபிஎஸ்ஸில் வேகம் ஏறிவிட்டது. கணக்கு முடிக்கப் போன அன்றைக்கு ஓனர் அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துத்தான் ஆரம்பித்தார். அண்ணன் சொன்னது இது: "நியூட்ரல் அடிக்கலைங்க. கியரக் கொறைக்கப் போனேன், விழல." அதற்குப் பிறகுதான் ஓனர் என் பக்கம் திரும்பினார்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இறக்கத்தின் நடுவில் கியரைக் குறைக்கப் போனால் இப்படி ஆகும். கிளச்சை மிதித்துக் கியரை எடுத்த நொடியே பாரம் வண்டியைத் தள்ளும், வேகம் கூடும், கீழ்க் கியர் ஏற்காது. அதனால்தான் எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு, இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே போட்டுவிடு என்பார்கள். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அப்படிப்பட்டவர் நடு இறக்கத்தில் கியர் குறைக்கப் போவாரா? போகமாட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஆனால் முக்கல் நின்றதற்கும் நான் எழுந்து உட்கார்ந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம்? ஒரு மூச்சா, அரை நிமிஷமா? அரை நிமிஷம் என்றால் வேண்டுமென்றே உருட்டியது. ஒரு மூச்சு என்றால் அவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். எத்தனையோ ராத்திரி படுத்தபடியே அந்தச் சத்தத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் நீளமாக இருக்கிறது, ஒரு நாள் குட்டையாக இருக்கிறது.

ஓனர் கேட்டதோ நியூட்ரலில் வந்ததா என்றுதான். வந்தது. வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டிருந்தால் தெரியலைங்க என்றிருப்பேன். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும், எனக்கும், இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் காதில் விழுந்தது என்பதும் தெரியும்.

சரி, மாற்றிச் சொல்லியிருந்தால்? "இல்லைங்க, கியர்லதான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த நடையில் அவரோடு அதே இறக்கத்தில் இறங்கியிருக்க வேண்டும். 2024 ஜனவரியில் அதே இரட்டைப் பாலத்தில் லாரிகளும் கார்களும் மோதி நாலு பேர் போனார்கள். பாலத்திலிருந்து லாரி கீழே விழுகிற வீடியோ எல்லா டிரைவர் குரூப்பிலும் சுற்றியது. புனே பக்கம் காத்ரஜ் சுரங்கம் தாண்டி நவலே பாலத்துக்கு இறங்கும் ரோடும் இப்படித்தான். 2022 நவம்பரில் ஒரு லாரி அங்கே வரிசையாக வண்டிகளை இடித்துத் தள்ளியது. டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து இறக்கினான் என்றுதான் போலீஸ் சொன்னது. இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்கு வேண்டிய ஏர் ஏறாது. இருக்கிற ஏரில் நாலு தரம் பிரேக் பிடிக்கலாம், அப்புறம் டேங்க் காலி, ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். இன்ஜின் ஓடினாலும் நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக் டிரம் மேல்தான். டிரம் சூடேறிவிட்டால் மிதி மிதியென்று மிதித்தாலும் பிடிக்காது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் எப்படி இல்லை என்று சொல்வது?

இப்படி நியாயம் பேசும்போதெல்லாம் மைலேஜ் கணக்கு குறுக்கே வந்து நின்றுவிடும்.

எங்கள் ஆபீஸில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்கு. அதற்கு மேல் வந்தால் மிச்ச டீசல் காசில் பாதி டிரைவருக்கு. குறைந்தால் பேட்டாவில் கை வைப்பார்கள். மோர்பி போய்வர 3,900 கிலோமீட்டர் என்று வையுங்கள், 975 லிட்டர் ஆகிறது. மைலேஜ் 4.2 வந்தால் 46 லிட்டர் மிச்சம், லிட்டர் 92 ரூபாய் என்றால் 4,200 ரூபாய்க்கு மேல். பாதி எங்களுக்கு. பெரிய காசில்லை. ஆனால் அது பேட்டா மாதிரி வழியில் சாப்பாட்டிலும் டீயிலும் கரையாத காசு, அப்படியே வீட்டுக்குப் போகும். வேடிக்கை என்னவென்றால் பிஎஸ்6 வண்டியில், அதுதான் புது மாசு விதிப்படி வந்த வண்டியில், கியரைப் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் டீசலே போகாது, பம்பு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். தொப்பூர் மாதிரி செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் அடித்து ஒரு சொட்டும் மிச்சமாகாது. லேசான சரிவில் உருட்டினால் ஏதோ கொஞ்சம் கிடைக்கும், அதையும் மறுக்க முடியாது. அந்தப் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டு எல்லா இறக்கத்துக்கும் வந்துவிடுகிறது.

அந்த நடைக்கு 4.2 வந்திருந்தது. ஓனர் அண்ணனைத் திட்டித் தீர்த்தார், வெளிமாநிலம் போகும் லைன் வண்டியிலிருந்து இறக்கி லோக்கலில் போட்டார். அதே மேஜையில் அதே நாள் மைலேஜ் காசையும் எண்ணிக் கொடுத்தார், ஆளுக்குப் பாதி. நான் வாங்கிக்கொண்டேன். அண்ணனும் வாங்கிக்கொண்டார். அந்தக் காசு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கணக்குப்பிள்ளை சிரித்திருப்பார்.

அண்ணனைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஏதோ கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவர் என்று நினைத்துவிடுவீர்கள். என்னிடம் இன்றைக்கு இருக்கிற நல்ல பழக்கம் எல்லாம் அவரிடமிருந்து வந்தது. காலையில் வண்டியை எடுக்கும் முன் ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவார். லிவரை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். உள் டயரில் காற்று இறங்கியிருந்தால் வெளியே கண்ணுக்குத் தெரியாது, தட்டினால் சத்தம் மட்டையாகக் கேட்கும். "காதுதான்டா டிரைவருக்கு" என்பார். ஜோடி டயர் நடுவில் சிக்கிய கல்லைக் குத்தி எடுக்காமல் கிளம்பமாட்டார். ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார். வீட்டிலிருந்து வந்தால் நான்தான் எடுத்து, "அண்ணன் ஓட்டறாருங்க அண்ணி, சாப்பாட்டுக்கு நிறுத்தறப்ப பேசுவாரு" என்பேன். ராத்திரி ஒரு மணிக்கு மேல் கண் கனத்தால், ஆபீஸில் என்ன அவசரம் சொன்னாலும் சித்திரதுர்காவோ நிப்பாணியோ, வெளிச்சம் இருக்கிற பங்க்காகப் பார்த்துச் சொருகிவிடுவார். இருட்டில் நிறுத்தினால் டீசல் திருடன் டேங்கைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவான், காலையில் அதுவும் நம் கணக்கில்தான் ஏறும். அங்கேயே டூல்பாக்ஸிலிருந்து அடுப்பை எடுத்து ரசம் வைப்பார். பங்க்குக்குள் பற்றவைக்கமாட்டார், காம்பவுண்டுக்கு வெளியே போய் வண்டி மறைவில் வைப்பார். அவ்வளவு பார்க்கிற ஆள்.

1961ஆம் வருஷத்துச் சட்டத்தில் மோட்டார் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, அஞ்சு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று எழுதியிருந்தது. எங்கள் லைனில் அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அந்த எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் ஓட்டியவர் அவர் ஒருத்தர்தான். வண்டியை நிறுத்தினால் நேரம் போகும், போன நேரத்துக்குப் பதில் சொல்ல மைலேஜாவது காட்ட வேண்டும் என்று அவர் கணக்கு போட்டிருப்பாரோ? இது என் யூகம். தூக்கத்துக்காக ஆபீஸோடு சண்டை போட்ட மனுஷன் டீசலில் விட்டுக்கொடுத்தார் என்று நானாகக் கட்டுகிற கதையாகவும் இருக்கலாம். கியர் விழாமலே கூட இருந்திருக்கலாம்.

போன மாதம் கரூர் பைபாஸில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். செங்கல் வண்டி ஓட்டுகிறார், தினமும் வீட்டுக்குப் போய்விடுகிறார். முகம் தெளிந்திருந்தது. "சாப்ட்டியாடா தம்பி?" என்றார். தொப்பூர் பற்றி நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. கிளம்பும்போது என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடது பின் வீலில் உள் டயரைக் காட்டி, "காத்து கம்மியா இருக்கு, பாரு" என்றார். பார்த்தேன், இருந்தது. அவர் நல்லபடியாக இருக்கிறார், நான் சொன்னதால் அவருக்கு நல்லதே நடந்தது என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டு ஓட்டினேன். அடுத்த நாள் அந்த நினைப்பே அசிங்கமாக இருந்தது. லோக்கல் சம்பளம் என்னவென்று எனக்குத் தெரியாதா?

இப்போது லைனில் நான்தான் முதல் டிரைவர். டோல்கேட் தாண்டியதும் மூணாவது கியர், புகையை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக், 30க்கு மேல் விடுவதில்லை. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே சாகிறான், அடிக்கட்டும். லேசான சரிவிலும் உருட்டுவதில்லை. மைலேஜ் 3.9ல் நிற்கிறது. கணக்கு முடிக்கும்போது ஓனர் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்: "அண்ணன் ஓட்டறப்ப 4.2 குடுத்த வண்டி, உனக்கு ஏன் கண்ணு குடுக்க மாட்டேங்குது?"

பாரம் ஜாஸ்திங்க, காத்து எதிர்ல அடிச்சுதுங்க என்று ஏதாவது சொல்லிவைக்கிறேன். கூட வருகிற இரண்டாவது டிரைவர் பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். போன நடையில் தொப்பூர் இறங்கிய பிறகு அவன் கேட்டான்: "ஏண்ணா, நியூட்ரல் அடிக்காததாலதான் வரலைன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"நீ சொல்லேன்" என்றேன்.