காற்று வரும் குழி: ஒரு தோண்டல் நாட்குறிப்பு

மார்ச் 8, ஞாயிறு

பழைய குகைக்கு மேலிருந்து இன்னொரு வழி திறக்க நாங்கள் தோண்டும் குழி, காலையில் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அடியில் கற்களின் இடுக்கில் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை சட்டென்று மேலே ஓடியது. மதியம் வெயில் ஏறியதும் அதே இடத்தில் அசையாமல் நின்றது. மூன்று மணிக்கெல்லாம் இடுக்குக்குள் இழுபட ஆரம்பித்தது.

குகைக்குள் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே வெப்பநிலை. வெளியே அதைவிடக் குளிர்ந்தால் உள்காற்று லேசாகி மேல் வாசல் வழியாக வெளியேறும். வெளியே சூடானால் உள்காற்று கனத்துக் கீழே இறங்கும், மேல் வாசல் உறிஞ்சும். ஒரே நாளில் இரண்டையும் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் போய்விட்டது. எங்களுக்குக் கீழே, தாழ்வான இடத்தில் இன்னொரு வாசல் இருக்கிறது. அது பழைய குகையின் வாசல்தான் என்று நம்புகிறேன்.

காற்றை நம்பித் தோண்டுவது புதிதல்ல. நியூ மெக்சிகோவின் லெச்சுகியா குகை ஒரு காலத்தில் சின்னக் குகை. தரையில் கிடந்த கற்குவியலுக்கு அடியில் காற்று இரைவதைக் கேட்டுத்தான் தன்னார்வலர்கள் அங்கே தோண்டினார்கள். 1986 மே மாதம் வழி திறந்தது. இன்று அதில் அளந்திருப்பது மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று தோண்டவில்லை, இடம் குறித்தோம். ஒரு குழு பழைய குகையின் கடைசி அறைக்குப் போய், சிக்னல் அனுப்பும் கம்பிச் சுருளைத் தரையில் மட்டம் பார்த்துப் படுக்க வைத்தது. சாதாரண ரேடியோ அலை பாறைக்குள் போகாது. ஆனால் மிகக் குறைந்த அதிர்வெண்ணில் உண்டாகும் காந்தப்புலம் பாறையைத் தாண்டி வரும். மேலே நாங்கள் இன்னொரு சுருளைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அனுப்பும் சுருளுக்கு நேர் மேலே வந்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் சத்தம் அடங்கிவிடும்.

அடங்கிய இடம் எங்கள் குழியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி! கொஞ்ச தூரம் விலகி நின்று புலத்தின் சாய்வை அளந்ததில் ஆழம் சுமார் 19 மீட்டர் என்று வந்தது. நாங்கள் இப்போது 13-இல் இருக்கிறோம். சுருள் கிடப்பது அறையின் தரையில், கூரை அதைவிட உயரம் என்பதால் மிச்சம் ஆறு மீட்டரைவிடக் குறைவு.

அந்த அறைக்கு இப்போது இருக்கும் ஒரே வழி, வயிறு தரையில் உரச ஊர்ந்து போகும் நீர்வழி. மழை பிடித்தால் அது அடைபட்டுவிடும். உள்ளே ஒருவர் காலை உடைத்துக்கொண்டால் ஸ்ட்ரெச்சர் அந்த வழியாக வரவே வராது. இத்தனை பாடும் முக்கியமாக அதற்காகத்தான்.

மார்ச் 29, ஞாயிறு

குழியை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு பாறை. வெடி வேண்டாம் என்பது நிலத்துக்காரருக்கு நாங்கள் கொடுத்த வாக்கு. அதனால் துளையும் ஆப்பும்தான். ஒரே வரிசையில் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புத் தகடு, நடுவில் ஓர் ஆப்பு. பாறை எவ்வளவு நசுக்கினாலும் தாங்கும், பிளந்து இழுத்தால் தாங்காது. முதல் ஆப்புக்கு ஓர் அடி, இரண்டாவதற்கு ஓர் அடி, கடைசி வரை போய்த் திரும்பவும் முதலிலிருந்து. அடிக்க அடிக்க ஆப்பின் ஓசை மெலிந்து கூர்மையாகும். அந்தக் கட்டத்தில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்று அப்படிக் காத்திருந்தபோது, யாரும் தொடாமலே, ‘டப்’ என்று மங்கலாக ஒரு சத்தம். துளைகளைச் சேர்த்து மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடியிருந்தது. கடப்பாரை போட்டு நெம்பியதும் பாறை இரண்டாக விலகியது.

ஒரு கனமீட்டர் சுண்ணாம்புப் பாறை சுமார் இரண்டரை டன் இருக்கும். உடைத்தால் இடமும் ஒன்றரை மடங்கு அடைக்கும். எல்லாம் வாளியில்தான் மேலே போக வேண்டும். ஒரு விசில் நில், இரண்டு மேலே, மூன்று கீழே. வாளி நகரும்போது கீழே இருப்பவர் பக்கவாட்டுக் குடைவுக்குள் ஒதுங்கியே ஆக வேண்டும். இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

ஏப்ரல் 12, ஞாயிறு

காற்றோட்டம் நின்றுபோன நாள். மீட்டரில் கார்பன் டை ஆக்சைடு 1 சதவீதத்தைத் தாண்டியதும் மேலே வந்துவிட்டோம். வெளிக்காற்றில் இருப்பது 0.04 தான். மண்ணிலிருந்து கசிவதும் நாங்கள் விடும் மூச்சும் சேர்ந்து அடியில் தேங்கிவிடுகிறது. தீக்குச்சி எரிந்தால் போதும் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். தீக்குச்சி காட்டுவது ஆக்சிஜனை மட்டும்தான். அது நன்றாக எரியும்போதே இந்த வாயு தலைவலி வருகிற அளவுக்கு ஏறியிருக்கலாம்.

மிச்ச நேரத்தில், குழியின் பக்கங்கள் சரியாமல் தாங்கும் முட்டுக் குழாய்களின் இணைப்புகளை முறுக்கினோம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கேட்டுவிட்டது! சொல்லிவைத்த நேரத்தில், பழைய குகையின் கடைசி அறையில் இருந்த கீழ்க்குழு கூரையில் மூன்று தட்டு தட்டியது. நான் ஹெல்மெட்டைக் கழற்றிப் பாறையில் காதை வைத்திருந்தேன். மூன்றும் தெளிவாக வந்தன. பதிலுக்கு மூன்று தட்டினேன். உடனே கீழிருந்து தாறுமாறாகத் தட்டினார்கள், அவர்கள் சந்தோஷத்துக்குக் கணக்கே இல்லை. “அக்கா, அழுகிறீர்களா?” என்று மேலிருந்து தம்பி கேட்டான். ஆமாம் என்றேன்.

மே 3, ஞாயிறு

திறந்தாயிற்று. கீழ்க்குழு அறையை விட்டு ஒதுங்கிவிட்டதாகத் தொலைபேசிக் கம்பியில் உறுதி சொன்ன பிறகுதான் கடைசிக் கல்லைத் தட்டினோம். ஓட்டை முதலில் கை நுழையும் அளவு. கூழாங்கல் ஒன்றைப் போட்டேன். ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவாகச் சத்தம் வந்தது, அதாவது நாலு மீட்டர் போல. விளிம்பில் ஆடிய கற்களை எல்லாம் எடுத்து, போல்ட் அடித்து, கயிறு கட்டி இறங்க மாலையாகிவிட்டது. கீழ்க்குழுவில் ஒருவரும் வந்த வழியே திரும்பவில்லை. எல்லோரும் எங்கள் குழி வழியாகவே ஏறி வந்தார்கள்.

மே 10, ஞாயிறு

மூடி போடுவதில் பேச்சு நீண்டது. காற்றுக்காகக் கம்பிக் கதவு போதும் என்றார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய வாசலைத் திறந்து விட்டால் காற்று முன்னைவிடப் பல மடங்கு ஓடும். அறையின் ஈரம் குறையும், சொட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக் குழல்கள் காய்ந்து நின்றுவிடும். வௌவால்கள் தங்கும் மூலையின் வெப்பமும் மாறும். கற்களின் இடுக்கில் முன்பு எவ்வளவு காற்று வந்ததோ அவ்வளவுதான் இனியும் வர வேண்டும். கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இறுக மூடும் இரும்பு மூடி, அதில் சின்னத் துளைகள், உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாள்.

அடுத்த வேலை அளவு எடுப்பது. இரண்டு வாசலும் இணைந்துவிட்டதால், வெளியே தரையில் அளந்து வந்து உள்ளே அளந்த கோட்டோடு சேர்க்கலாம். பழைய வரைபடத்தில் எவ்வளவு பிசகு இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.