யோய்ச்சியின் கரித்தீயும் ஒரு மலிவு விஸ்கியும்

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், சப்போரோ நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒட்டாரு வழியாகச் செல்லும் ரயிலில் யோய்ச்சியில் இறங்கிச் சற்று நடந்தால், கோட்டை வாசல் போன்ற கல் கட்டடம் ஒன்று தெரியும். அதுதான் நிக்கா விஸ்கி ஆலை. நான் போனது பிப்ரவரியில். சிவப்புக் கூரைகள் பனியில் பாதி மறைந்திருந்தன.

வடிகலன் கூடத்தில் நின்ற பத்து நிமிடத்துக்காகவே இன்னொரு முறை அங்கே போவேன். உலகின் பெரும்பாலான விஸ்கி ஆலைகள் நீராவிக்கு மாறிவிட்ட பிறகும், இங்கே செப்புக் கலன்களின் அடியில் நிலக்கரிதான் எரிகிறது. தொழிலாளி ஒருவர் அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, கரியை அள்ளி வீசி, தீ பரவுவதைக் குனிந்து பார்த்துவிட்டு மூடினார். அந்த நொடியில் வெக்கை முகத்தில் அறைந்தது. கலன்களின் கழுத்தில் வைக்கோல் கயிறும் வெள்ளைக் காகிதத் துண்டுகளும் கட்டியிருந்தார்கள். ஜப்பானின் ஷிண்டோ மதக் கோயில்களில் கட்டும் புனிதக் கயிறு அது. நிறுவனர் மசதாகா தாகேத்சுரு, சாக்கே என்ற அரிசி மதுவைக் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குல வழக்கம் விஸ்கிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

1918-இல் ஸ்காட்லாந்து சென்று தொழில் கற்றவர். 1920-இல் ரீட்டா என்ற அந்நாட்டுப் பெண்ணை மணந்து ஊர் திரும்பியவர். 1934-இல் இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் நிறுவனம் தொடங்கினார். விஸ்கி முதிர ஆண்டுக்கணக்கில் ஆகுமே, அதுவரை பிழைப்பு? ஊரில் விளைந்த ஆப்பிளைப் பிழிந்து சாறு விற்றார். முதல் விஸ்கி 1940-இல்தான் வெளிவந்தது.

முளைகட்டிய பார்லியில் (மால்ட்) வடிக்கும் ஆலையின் விலை உயர்ந்த விஸ்கிகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்கு, ஜப்பானியர் வீட்டில் அன்றாடம் குடிக்கும் விஸ்கிதான் வேண்டியிருந்தது. மாலையில் ஒட்டாருவின் தெருமுனைக் கடையில் நிக்காவின் மலிவு விஸ்கியான பிளாக் நிக்கா கிளியர் 180 மில்லி சீசா ஒன்று வாங்கினேன். பெரிய சீசாவே ஏறத்தாழ 1,000 யென்தான். லேபிளில் தாடிக்காரர் ஒருவர் கோப்பையை உயர்த்திப் பிடித்திருக்கிறார்.

முதலில் எதுவும் கலக்காமல் குடித்தேன். ஆல்கஹால் 37 சதவீதம். மூக்கில் லேசான வெனிலா, நாக்கில் இனிப்பு, அடுத்த கணமே சாராய நெடி தொண்டையைச் சுரண்டியது. புகை மணம் துளியும் இல்லை. பார்லியை, சதுப்புநிலத்தில் மட்கிய தாவரங்களாலான பீட்டை எரித்த புகையில் உலர்த்தினால் அந்த மணம் ஏறும். கிளியரில் வேண்டுமென்றே புகை படாத மால்ட்டைச் சேர்க்கிறார்கள். கரித்தீயைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு ஏமாற்றம்தான்.

பிறகு ஜப்பானியர் குடிக்கும் முறைக்கு வந்தேன். கண்ணாடிக் குவளை நிறைய ஐஸ், அதன்மேல் விஸ்கி, நன்றாகக் கிளறி, இரண்டரை மடங்கு தண்ணீர். மிசுவாரி என்கிறார்கள். நெடி அடங்கிவிட்டது, தானியத்தின் மெல்லிய இனிப்பு மட்டும் மிஞ்சியது. தொட்டுக்கொள்ளச் சுட்ட ஹொக்கே மீன், நம் கருவாட்டின் அளவுக்குக் காயாதது. அதன் உப்புக்கும் கொழுப்புக்கும் அந்த விஸ்கி அத்தனை பொருத்தம். புகை மணம் இருந்திருந்தால் மீனை அமுக்கியிருக்கும். சோறு, மீன், குடும்பம் என்று உட்காரும் வேளைக்காகவே கலக்கப்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

மிச்சத்தை விடுதிக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதில் வெந்நீர் ஊற்றி எனக்கும் ஒரு கோப்பை நீட்டினார். எழுந்த ஆவியில், குளிர்ந்த குவளையில் வராத ஆப்பிள் வாசனை வந்தது.