பாத்து போட்டுக் குடுங்க சார்

கம்பெனிக்கு ஆள் எடுப்பது என் வேலை. "சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கீங்க?" என்று போனில் கேட்டதற்குப் பாளையங்கோட்டைத் தம்பி சொன்ன பதில் இது. அதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. முதலில் அழைத்தபோது, "ஈரடுக்குப் பாலத்துல வண்டியில போய்ட்டிருக்கேன் சார், வீட்டுக்குப் போயி நானே கூப்பிடுதேன்" என்றார், சொன்னபடி கூப்பிட்டார். இரைச்சலுக்கு நடுவே "கேக்குதா, கேக்குதா" என்று கத்துவதற்கு இது எவ்வளவோ மேல். ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டால், "நாங்க பண்ணினோம்" என்று மழுப்பவில்லை. "பேமென்ட் மாட்யூல்ல ரீஃபண்ட் பகுதி மட்டும் என்னது. ஜாவா, ஸ்பிரிங் பூட்" என்றார். எங்களில் பலருக்கு கோடிங் தெரியாது. காதில் விழும் இந்தச் சொற்களைத்தான் அப்படியே குறித்து மேனேஜருக்கு அனுப்புவோம். இப்போதைய கம்பெனியை விட்டு வர நோட்டீஸ் 90 நாள் என்பதையும் மறைக்கவில்லை.

சம்பளத்தில்தான் இடித்தது. எங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் எண்ணை மட்டுமே ஏற்கும். மறுபடி கேட்டேன், சிரித்துக்கொண்டே அதையே சொன்னார். இப்போது வாங்குவது வருஷத்துக்கு 4,80,000 என்றிருந்தார். 30 சதவீதம் கூட்டி 6,24,000 என்று போட்டேன். அதுதான் வழக்கம்.

பே-ஸ்லிப்பும் ஆஃபர் லெட்டரும் வந்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னது மாதம் கைக்கு வரும் 40,000-ஐ 12-ஆல் பெருக்கிய கணக்கு. சி.டி.சி., அதாவது கம்பெனி அவருக்காக வருஷத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, 6 லட்சம்: வேரியபிள் என்ற, கூடக் குறைய வரும் பகுதி 60,000, கம்பெனி கட்டும் பி.எஃப். மாதம் 1,800, அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். நான் போட்ட எண்ணில் உயர்வு வெறும் 24,000. காரணம் எழுதி, ஒப்புதல் வாங்கி மாற்றினேன். 7 லட்சத்தில் நின்றது. இந்த வேலைக்கு ஒதுக்கிய தொகை அதற்கும் மேலே இருந்தது.

அண்ணாச்சி கடையில் "பாத்து போடுங்க" என்றால் செல்லும்; நாளைக்கும் அங்கேதான் போவோம். பத்து நிமிஷ அழைப்பில் யார் யாருக்குப் பார்ப்பது? ஆனால் கறாராக எண் சொன்ன இன்னொருவர் இதே வேலைக்கு முதல் வடிகட்டலிலேயே கழிந்துபோனார். அதனால் எண் சொல்லிவிடு என்று அடித்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

"ஃபிக்ஸட் இவ்வளவு, வேரியபிள் இவ்வளவு. இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க சார்?" என்று தம்பி திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் ஏற்கெனவே கையில் இன்னொரு ஆஃபர் வைத்திருந்தவர்களுக்கு.