ஏற்காட்டில் உறங்கும் கல் மனிதர்

"எழுத்துல பாசி ஏறிடுச்சு தம்பி, விரலால தடவிப் பாருங்க" என்றார் புல் செதுக்கிக்கொண்டிருந்த அக்கா.

தடவத் தடவப் பெயர் கைக்கு வந்தது. ராபர்ட் புரூஸ் ஃபுட்.

ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச் கல்லறைத் தோட்டம்.

1863 மே மாதம், பல்லாவரத்துச் சரளையில் கிடந்த ஒரு கல்லை எடுத்து, இது ஆதி மனிதன் செதுக்கிய கோடாரி என்று கண்டுகொண்ட மனுஷன். நம் மண்ணின் வயதையே மாற்றிய கல் அது!

1912இல் உயிர் போனது கல்கத்தாவில். அடக்கம் இங்கே. ஓய்வுக்காலத்தில் அவர் குடியிருந்த மலை. ஆறுமுக நாவலரோடு பைபிளைத் தமிழாக்கிய பெர்சிவல் பாதிரியார்தான் இவருக்கு மாமனார். அந்தப் பாதிரியார் காலமானது இதே ஏற்காட்டில்தான்.

ஏரிக்கும் லேடீஸ் சீட்டுக்கும் பிள்ளைகளைக் கூட்டிவரும் சேலத்து டீச்சர்களே, இங்கேயும் ஒரு பத்து நிமிஷம் பஸ்ஸை நிறுத்துங்கள். பல்லாவரத்துக் கல்லின் கதையை இங்கே வைத்துச் சொல்லுங்கள்.