குறுவள மையக் கூட்டத்தின் கருத்துப் படிவங்களை எண்ணுவதும் வாசிப்பதும்

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் குறுவள மையக் (சி.ஆர்.சி.) கூட்டம் முடியும் நேரத்தில் நீட்டப்படும் படிவத்தில் 'நன்று', 'மிகவும் பயனுள்ளது' என்றுதான் வரும். கூடலூரில் ஜூலை மழையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் வேறென்ன எழுதுவார்? பிற்பகல் தேநீருக்கு முன்பே பத்து நிமிடம் ஒதுக்கி வாங்கிவிடுங்கள். கடைசி அமர்வுக்கு ஒரு துண்டுச் சீட்டில் ஒரே கேள்வி போதும்.

ஐந்துக்கு எத்தனை என்று போட்ட மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் தாள்களை எண்ணுங்கள். வருகைப் பதிவில் 18 பேர், கையில் 13 படிவம். எழுதாமல் போன 5 பேரும் தொலைவிலுள்ள ஈராசிரியர் பள்ளிக்காரர்கள் என்றால், பல வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்துகிறவர்களின் குரலே அதில் இல்லை.

அடுத்தது சராசரி. அந்த 13 பேரில் 9 பேர் 5 போட்டு, 4 பேர் 2 போட்டிருந்தால் சராசரி 4.1 வரும். அறிக்கையில் அழகாகத்தான் இருக்கும். நாலு பேருக்குப் பயிற்சி எட்டவே இல்லை என்பது அதில் மறைந்துபோகும். ஆகவே 5 எத்தனை, 4 எத்தனை, 2 எத்தனை என்று எண்ணிக்கையாகவே எழுதுங்கள். 18 பேர் உள்ள குழுவில் ஒரே ஒருவர் 5-க்குப் பதில் 1 போட்டாலே சராசரி 0.22 இறங்கிவிடும். போன மாதம் 4.4, இந்த மாதம் 4.2 என்பதைச் சரிவு என்று சொல்வது அநியாயம்.

பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பள்ளி, வகுப்பு, பாடம் மூன்றையும் கேட்பவர்கள் உண்டு. கோத்தகிரி மலைக்கிராமத்துப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள் இருக்கும்போது யார் எழுதியது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? தொடக்கநிலையா நடுநிலையா என்பது மட்டும் போதும். பயிற்சி நடத்தும் கருத்தாளர் கையில் வாங்காமல் வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைக்கலாம்.

'பயிற்சி எப்படி இருந்தது?' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'அடுத்த வாரம் எந்தப் பாடத்தில் இதைச் செய்வீர்கள்? எது தடுக்கும்?' என்று கேளுங்கள். விடைகளை இருவர் தனித்தனியே வாசித்து, ஐந்தாறு தலைப்புகளில் பிரித்து, பிறகு ஒப்பிட வேண்டும். 'நேரம் போதவில்லை' என்ற ஒரு வரியை ஒருவர் 'அமர்வு அவசரமாக ஓடியது' என்றும் மற்றவர் 'வகுப்பில் பாடவேளை போதாது' என்றும் எடுத்துக்கொள்வார். இரண்டுக்கும் தீர்வு வேறு. எதைச் சொன்னார்கள் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுத்தான் தெளிய வேண்டும்.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சி மதிப்பீட்டை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: பங்கேற்றவரின் உணர்வு, கற்றது, நடைமுறை மாற்றம், விளைவு. கூட்டத்தன்று வாங்கும் படிவம் தொடுவது பெரும்பாலும் முதல் நிலையை மட்டும்தான். மூன்றாம் நிலையை அறிய நாலைந்து வாரம் கழித்து ஆசிரியர் பயிற்றுநர் ஒரு பாடவேளை வகுப்பில் உட்கார்ந்து, குழந்தைகளின் நோட்டைப் புரட்ட வேண்டும். அது குறை கண்டுபிடிக்கும் அதிகாரி ஆய்வு அல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்று மட்டும் காட்டுவதற்காக ஒரு செயல்பாடு நடக்கும்.

அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் 'இதைக் கேட்டீர்கள், இதை மாற்றினோம்; இதை மாற்ற முடியவில்லை, காரணம் இது' என்று சொல்லிவிடுங்கள். மாற்ற முடியாததற்குக் காரணம் சொல்வதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.